கொழும்பு வீட்டறையில் முழு உடல் அசைவுப் பதிவு: லைட்ஹவுஸா, ஐஎம்யுவா, கமராவா?

குவெஸ்ட் 3 போன்ற ஒரு விஆர் ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் கணினிக்கு உறுதியாகத் தெரிவது மூன்று புள்ளிகள்தான்: தலை, இடக்கை, வலக்கை. இடுப்பும் கால்களும் எங்கே இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. 2023 இறுதியில் மெட்டா ஒரு வசதியைக் கொண்டுவந்தது. அதில் மேலுடம்பை ஹெட்செட்டின் கமராக்கள் பார்த்தே சொல்கின்றன. கால்களோ மென்பொருள் போடும் ஊகம். நின்றபடி கதைப்பதற்கு அது தாராளமாகப் போதும். ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டினால் திரையில் அந்தக் கால் நீளாது.

கால்கள் உண்மையாகவே தெரியவேண்டுமென்றால் உடம்பில் ட்ராக்கர் (அசைவைப் பின்தொடரும் சிறு கருவி) கட்டவேண்டும், அல்லது வெளியே ஒரு கமரா வைக்கவேண்டும். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன: அறை மூலையிலிருந்து லேசர் வீசும் லைட்ஹவுஸ், சாய்வையும் திரும்பலையும் உணரும் ஐஎம்யு, கமரா. வாங்குவோர் பெரும்பாலும் விலையையும் துல்லியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வழியும் பிழைவிடும் விதம் வேறு. லைட்ஹவுஸ் பிழைத்தால் கால் ஒரு கணம் கூரைக்குத் தாவிவிட்டுத் திரும்பி வரும். ஐஎம்யு பிழைத்தால் உடம்பு மெதுமெதுவாகத் திரும்பிக்கொண்டே போகும். கமரா பிழைத்தால் மறைந்த பக்கம் முழுவதும் தொலைந்துபோகும். இவற்றில் எந்தப் பிழையை உங்கள் அறையில், உங்கள் வேலையில் திருத்திக்கொள்ள முடியும் என்று பார்த்துத்தான் தெரிவு செய்யவேண்டும்.

லைட்ஹவுஸ்

இதில் அறையின் மூலைகளில் பேஸ் ஸ்டேஷன்கள் நிற்கும். உள்ளே சுழலும் மோட்டார் அகச்சிவப்பு லேசர் கோடுகளை அறை முழுவதும் வீசும். உடம்பில் கட்டிய ட்ராக்கரின் உணரிகள் அந்தக் கோடு எந்தக் கணத்தில் பட்டது என்பதைக் கொண்டு தாம் இருக்கும் இடத்தைக் கணக்கிடும். இடம் நேரடியாக அளக்கப்படுவதால் மணிக்கணக்கில் ஆடினாலும் பிழை சேராது. இதுதான் இதன் பெரிய பலம். எச்டிசி வைவ் ட்ராக்கர் 3.0இன் எடை 75 கிராம், பற்றரி ஏழரை மணிநேரம் வரை. 2021இல் அறிமுகமானபோது ஒன்றின் விலை 130 டொலர். இடுப்புக்கு ஒன்று, பாதங்களுக்கு இரண்டு என மூன்று வேண்டும். பேஸ் ஸ்டேஷன் 2.0 ஒன்றை வால்வ் 149 டொலருக்கு விற்றது. அதில் குறைந்தது இரண்டு வேண்டும். இரண்டு இருந்தால் 5 மீற்றருக்கு 5 மீற்றர் இடம் வரை சமாளிக்கலாம்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது பதிப்பு எண். முத்திரை சாம்பல் நிறத்தில் இருக்கும் 2017ஆம் ஆண்டு ட்ராக்கர், 1.0 பேஸ் ஸ்டேஷனோடு மட்டும்தான் வேலை செய்யும். 2018ஆம் ஆண்டு ட்ராக்கரும் 3.0உம் இரண்டு பதிப்போடும் பொருந்தும். ஆனால் 1.0ஐயும் 2.0ஐயும் ஒரே அறையில் கலக்க முடியாது. 1.0 இரண்டை வயர் இல்லாமல் வைத்தால் ஒன்று 'பி' சனலிலும் மற்றது 'சி' சனலிலும் இருக்கவேண்டும். விளக்கு பச்சையாக எரிந்தால்தான் சரி. வாங்குமுன் பேஸ் ஸ்டேஷனைப் பிளக்கில் போட்டுக் காதருகே பிடித்துக் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் பரவாயில்லை. கரகரவென்ற சத்தம் வந்தால் மோட்டார் தேய்ந்துவிட்டது.

பொருத்துவதில்தான் கொழும்பு வீடுகள் சோதிக்கும். அறையின் எதிரெதிர் மூலைகளில், 2 மீற்றருக்கு மேலே, 30 முதல் 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கவேண்டும். சீலிங் ஃபேனின் இதழ்கள் சுழலும் மட்டத்துக்கு மேலே வைத்துவிடாதீர்கள். இதழ்கள் லேசரை வெட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் ரயில் போகும்போது சுவர் அதிர்வதையும் கணக்கில் எடுக்கவேண்டும். பலகைத் தடுப்புச் சுவரிலோ அலுமாரித் தலையிலோ வைத்த பேஸ் ஸ்டேஷன் அந்த அதிர்வில் ஆடும். அது ஆடினால் கணினியின் பார்வையில் அறையே ஆடுகிறது. கொங்கிரீட் தூணில் திருகி வைப்பதுதான் நல்லது. வாடகை வீட்டில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், தரைக்கும் கூரைக்கும் இடையில் இறுக்கும் கம்பத்தைப் பயன்படுத்தலாம். மெல்லிய கமரா ஸ்டாண்டை மட்டும் நம்பவேண்டாம். வேறு வழியில்லையென்றால் அதன் காலில் மணல் பையைக் கட்டுங்கள்.

அடுத்தது பளபளப்பு. மினுங்கும் தரை டைல், அலுமாரிக் கண்ணாடி, பெரிய தொலைக்காட்சித் திரை எல்லாமே லேசரைத் திருப்பி அனுப்பும். கால் தரையருகே வரும்போது மட்டும் துள்ளுகிறதென்றால் டைலைச் சந்தேகியுங்கள். ரப்பர் அடியுள்ள கார்ப்பெற் விரித்தால் தீரும். பாய் வழுக்கும், அதில் ஆடக்கூடாது. நடன வகுப்பு நடக்கும் மண்டபத்தில் சுவரளவு கண்ணாடி இருந்தால் திரைச்சீலை போடாமல் பதிவைத் தொடங்கவே வேண்டாம்.

ஒவ்வொரு ட்ராக்கருக்கும் தனி டொங்கிள் (கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் சிறு வயர்லெஸ் ஏற்பி) உண்டு. இவை 2.4 கிகாஹேர்ட்ஸில் பேசுகின்றன. கணினியின் யுஎஸ்பி 3.0 துளைகளிலிருந்து கசியும் இரைச்சலும் அதே அலைவரிசையில்தான் விழுகிறது. பின்பக்கத்தில் மூன்றையும் அருகருகே செருகினால் ட்ராக்கர் அடிக்கடி விட்டுவிட்டு வரும். நீட்டிப்பு வயரில் யுஎஸ்பி 2.0 ஹப் ஒன்றைப் போட்டு, கணினியிலிருந்து அரை மீற்றராவது தள்ளி, இடையில் உடம்பு மறைக்காத இடத்தில் வையுங்கள். புதிதாக வாங்கிய ட்ராக்கர் பழுது என்று திருப்பிக் கொடுக்கப்போகுமுன் செய்துபார்க்கவேண்டிய முதல் வேலை இதுதான்.

குவெஸ்ட் பாவிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஹெட்செட் தன் கமராவால் அறையை ஒரு விதமாகப் புரிந்துகொள்கிறது; ட்ராக்கர்கள் பேஸ் ஸ்டேஷனை வைத்து வேறு விதமாகப் புரிந்துகொள்கின்றன. இரண்டையும் பொருத்துவது ஓப்பன்விஆர் ஸ்பேஸ் கலிப்ரேட்டர் என்ற இலவச மென்பொருள். குவெஸ்ட் கொன்ட்ரோலரையும் ஒரு ட்ராக்கரையும் ஒரே கையில் அசையாமல் இறுக்கிப் பிடித்து, காற்றில் 8 வடிவில் மெதுவாகச் சுழற்றவேண்டும். இரண்டும் கைக்குள் ஒன்றோடொன்று நழுவினால் கணக்கு பிழைக்கும். ஹெட்செட்டைக் கழற்றி மாட்டும்போதும், அது அறையைத் தவறாக அடையாளம் காணும்போதும், கால்கள் உடம்பை விட்டு அரை அடி தள்ளி நிற்கக்கூடும். நீண்ட நேரம் பாவிப்பவர்கள் கூடுதலாக ஒரு ட்ராக்கரை ஹெட்செட்டிலேயே ஒட்டி, இந்தப் பொருத்தம் தொடர்ந்து நடக்கும்படி விடுகிறார்கள். அப்படியானால் வாங்கவேண்டிய ட்ராக்கர் மூன்றல்ல, நான்கு.

ஐஎம்யு

ஐஎம்யு ட்ராக்கரில் ஒரு ஜைரோஸ்கோப்பும் ஒரு முடுக்கமானியும் இருக்கின்றன. அது தான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, திரும்பியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது. இடத்தை மென்பொருள்தான் கணக்கிடுகிறது: ஹெட்செட்டின் உயரத்தில் தொடங்கி, கழுத்து, முதுகு, தொடை, கணுக்கால் என எலும்பு நீளங்களைக் கூட்டிக்கொண்டு கீழே வருகிறது. எதுவும் எதையும் பார்க்கத் தேவையில்லை. சேலைக்குள்ளே கட்டலாம், கதிரைக்குப் பின்னால் உட்காரலாம், கண்ணாடி, டைல், வெயில் எதுவும் பொருட்டில்லை. நெருக்கமான கொழும்பு வீடுகளுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

திறந்த மூலமான ஸ்லைம்விஆர் இதில் முன்னணி. குறைந்தது ஐந்து ட்ராக்கர் வேண்டும்: மார்பு, இரு தொடைகள், இரு கணுக்கால்கள். இடுப்புக்கு ஆறாவதைச் சேர்த்தால் குனிவதும் வளைவதும் நன்றாக வரும். பாதத்தின் சாய்வும் வேண்டுமென்றால் கணுக்கால் ட்ராக்கரிலிருந்து வயரில் இன்னும் இரண்டு உணரிகள் நீளும். செய்து முடித்ததை வாங்கலாம், அல்லது நீங்களே பற்றவைத்துச் செய்யலாம்.

நீங்களே செய்வதென்றால் ஒவ்வொரு ட்ராக்கருக்கும் ஒரு டி1 மினி போர்ட் (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகை), ஒரு ஐஎம்யு தகடு, ஒரு டிபி4056 சார்ஜிங் தகடு, 1000 மில்லிஅம்பியர் மணி அளவிலான லித்தியம் பற்றரி ஒன்று, ஒரு சுவிட்ச். பற்றரி அளவை அறிய 180 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று. ஐஎம்யுவின் தரவுப் பின்னான எஸ்டிஏ போர்டின் டி2விலும், கடிகாரப் பின்னான எஸ்சிஎல் டி1இலும் இணையும். மாற்றிப் போட்டால் எரியாது, ஆனால் உணரி இல்லை என்றே மென்பொருள் சொல்லும். ஒரே போர்டில் இரண்டாவது உணரி இணைத்தால் அதன் முகவரிப் பின்னை 3.3 வோல்ட்டுக்குக் கொடுக்கவேண்டும், இல்லையேல் இரண்டும் ஒரே முகவரியில் மோதும். ப்ரோகிராம் ஏற்றும்போது கணினி போர்டையே காணவில்லையென்றால் சார்ஜ் மட்டும் ஏற்றும் யுஎஸ்பி வயரைப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது போர்டின் யுஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 ட்ரைவர் போடவில்லை.

பற்றரியில் மட்டும் அவசரப்படாதீர்கள். டிபி4056 தகடு வரும்போது 1.2 கிலோஓம் ரெசிஸ்டரோடு வரும். அது 1 அம்பியர் செலுத்தும். 500 மில்லிஅம்பியர் மணிப் பற்றரிக்கு அது மிக அதிகம், சூடேறி வீங்கும். அந்த ரெசிஸ்டரை 2.4 கிலோஓமாக மாற்றினால் அரை அம்பியராகக் குறையும். வெள்ளைக் கனெக்டரோடு வரும் பற்றரிகளில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் எல்லா உற்பத்தியாளரிடமும் ஒரே பக்கத்தில் இருப்பதில்லை. செருகுமுன் மல்ட்டிமீற்றரில் பாருங்கள். தனிப் பற்றரிகளை வெளிநாட்டிலிருந்து விமானப் பொதியில் எடுப்பது சிரமம் என்பதால் இங்கேயே வாங்குவது மேல்.

எந்த ஐஎம்யு என்பதில்தான் காசைக் கஞ்சப்படக்கூடாது. மலிவாக எங்கும் கிடைக்கும் எம்பியு6050 சில நிமிடங்களில் திரும்பத் தொடங்கிவிடும். ரோபோ வகுப்புக்கு அது போதும், உடம்புக்குப் போதாது. பிஎம்ஐ160 வெப்பநிலைக்கு மிகவும் மசியும்: ஏசி அறையில் கலிப்ரேட் செய்துவிட்டு (உணரியின் பிழையை அளந்து சரிப்படுத்திவிட்டு) ஏசியை நிறுத்தினால் பழைய கணக்கு செல்லாது. பிஎன்ஓ085 நடுத்தரம். ஐசிஎம்-45686, எல்எஸ்எம்6டிஎஸ்வி ஆகிய புதியவை நெடுநேரம் நிற்கும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிச் சாமான்களும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வயர், சுவிட்ச் போன்றவையும் எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு புதிய சிப்புகளுக்கும் இணையத்தில் ஓர்டர் கொடுக்கவேண்டியிருக்கும்.

இந்த மெதுவான திரும்பலைத்தான் ட்ரிஃப்ட் என்கிறார்கள். முன்பின் சாய்வைப் புவியீர்ப்பு திருத்திவிடும். நிலைக்குத்து அச்சில் திரும்புவதைத் திருத்த எதுவும் இல்லை. திசைகாட்டி உணரியை வைத்துத் திருத்தலாமே என்று தோன்றும். மாடிக் கட்டடத்தின் தரையெல்லாம் இரும்புக் கம்பி, காந்தப்புலம் அடிக்கு அடி மாறும், அதனால் பெரும்பாலானோர் அதை அணைத்தே வைக்கிறார்கள். ஆகவே அவ்வப்போது நேராக நின்று, இந்தத் திரும்பலைச் சரிசெய்யும் 'யா ரீசெட்' (yaw reset) பொத்தானை அமுக்கவேண்டும். தொடக்கத்தில் செய்யும் ஒழுங்கு முக்கியம்: ட்ராக்கர்களை மேசையில் அசையாமல் வைத்து இயக்குங்கள், சில விநாடிகளுக்குப் பிறகு உடம்பில் கட்டுங்கள், நேராக நின்று ஃபுல் ரீசெட், பின் முழங்காலை மடக்கி, முன்னே சற்றுக் குனிந்து, பனிச்சறுக்குபவர் நிற்கும் பாணியில் மவுண்டிங் ரீசெட். இதைச் செய்த பிறகு பட்டியைக் கழற்றி மாற்றிக் கட்டினால் மறுபடி முதலிலிருந்து.

வைஃபை இன்னொரு இடறல். டி1 மினி 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் பேசும். இணைய நிறுவனம் தரும் ரவுட்டர் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் காட்டினால் இணைப்பு தடுமாறலாம். விருந்தினர் வலையமைப்பில் போட்டால் ட்ராக்கரும் கணினியும் ஒன்றையொன்று காணா. மாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதே சனல்களில் நெருக்கியடிக்கும். இதற்கு நல்ல தீர்வு, இணையமே இல்லாத ஒரு சின்னப் பழைய ரவுட்டரை ட்ராக்கர்களுக்கென்று ஒதுக்கி, 1, 6, 11 ஆகியவற்றில் காலியான சனலில் 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் வைத்து, கணினியை அதோடு வயரில் இணைப்பது. ஹெட்செட் தனியாக 5 கிகாஹேர்ட்ஸில் போகட்டும்.

வியர்வையையும் சொல்லவேண்டும். இங்குள்ள ஈரப்பதத்தில் சாதாரண இலாஸ்டிக் தொடையில் நிற்காது. தொடை ட்ராக்கரை முழங்காலுக்குச் சற்று மேலே, தசை குறைவாக அசையும் இடத்தில் கட்டி, உட்பக்கம் சிலிக்கன் கோடு ஓடிய பட்டியைப் பாவியுங்கள்.

பற்றவைக்க விருப்பமில்லாதவருக்கு சோனியின் மொகோபி இருக்கிறது. 2023 ஜனவரியில் ஜப்பானில் 49,500 யென்னுக்கு வந்தது. ஆறு உணரிகள், ஒவ்வொன்றும் 8 கிராம். தலை, மணிக்கட்டுகள், இடுப்பு, கணுக்கால்கள். புளூடூத்தில் ஃபோனோடு பேசும். ஹெட்செட் இல்லாமலே பதிவாகும். தொடையில் உணரி இல்லாததால் முழங்கால் எங்கே என்பதை அது ஊகிக்கிறது.

கமரா வழிகள்

வைவ் அல்டிமேட் ட்ராக்கர் 2023 நவம்பரில் வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு கமராக்கள். பேஸ் ஸ்டேஷன் தேவையில்லை. ஒரு டொங்கிளில் ஐந்து வரை. அறிமுகமானபோது ஒன்று 199 டொலர். சுவரில் எதையும் பொருத்த முடியாத வீட்டுக்கு ஏற்றது போலத் தெரியும். ஆனால் அறையில் அது அடையாளம் காணக்கூடிய பொருட்கள் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். வெள்ளைச் சுவரும் ஒரே நிற டைலுமாக இருக்கும் வெறும் அறையில் தடுமாறும். படம், காலண்டர், புத்தக அலுமாரி உள்ள அறையில் நன்றாகவே ஓடும். பாவாடையோ சேலை மடிப்போ கமராவை மூடினால் கால் தொலையும்.

எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவிக்கென மைக்ரோசொஃப்ட் செய்த கினெக்ட் கமரா மலிவு, அமெதிஸ்ட் என்ற இலவச மென்பொருளோடு இன்றும் ஓடும். உற்பத்தி 2017இல் நின்றுவிட்டதால் எல்லாமே பழையது. எக்ஸ்பொக்ஸ் வன் கினெக்ட் 25 மூட்டுகளை விநாடிக்கு 30 தடவை பார்க்கும். அதற்குத் தனி அடப்ரரும், இன்ரெல் அல்லது ரெனெசாஸ் யுஎஸ்பி 3.0 கட்டுப்பாட்டுச் சிப்பும் வேண்டும். முதுகைக் காட்டித் திரும்பினால் இடக்காலும் வலக்காலும் குழம்பும். பழகிப்பார்க்க மட்டும் வாங்கலாம்.

கடலைப் பார்த்த யன்னல் உள்ளவர்கள் பின்னேர வெயிலில் எந்தக் கமரா வழியையும் நம்பவேண்டாம், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். ஹெட்செட்டின் லென்ஸ் வெயிலைப் பார்த்துக் கிடந்தால் உள்திரை சில விநாடிகளில் கருகிவிடும். அது திருத்த முடியாத சேதம்.

யாருக்கு எது

விஆரில் சந்தித்துக் கதைக்கும் தளமான விஆர்சட்டில் நண்பர்களோடு பொழுதுபோக்க, சின்ன அறையும் குவெஸ்டும் உள்ளவருக்கு ஆறு ட்ராக்கர் ஸ்லைம்விஆர் என்று தயங்காமல் சொல்வோம். அரை மணிக்கொரு தடவை ரீசெட் பொத்தானை அமுக்குவது அங்கே தொல்லையே இல்லை. ஒதுக்கப்பட்ட அறையும் பழைய வைவ் செட் ஒன்றும் ஏற்கெனவே இருந்தால் லைட்ஹவுஸ். ஹெட்செட்டும் பேஸ் ஸ்டேஷனும் ஒரே முறையைச் சேர்ந்தவை என்பதால் பொருத்தும் வேலையே இல்லாமல் போகும்.

பரதநாட்டியத்தைப் பதிவு செய்ய நினைப்பவருக்குத்தான் நிறைய யோசனை வேண்டும். அரை கிலோவுக்கு மேல் எடையுள்ள ஹெட்செட்டோடு கழுத்து அசைவுகளைச் செய்ய முடியாது. ஆகவே ஹெட்செட் இல்லாமல் ஓடும் ஐஎம்யு முறைதான். தலைக்கும் கைகளுக்கும் கூடுதல் ட்ராக்கர் கட்டி, ஸ்லைம்விஆரிலிருந்து நேரே பிவிஎச் கோப்பாக (அசைவுத் தரவுக் கோப்பு வகை) பதிந்து, பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் திறக்கலாம். முத்திரைகள் இதில் வரா. விரல்களைத் தனியாகப் பதியவேண்டும்.

முழங்காலை வெளிப்பக்கம் மடக்கி நிற்கும் அரைமண்டியில்தான் எலும்பு நீளப் பிழைகள் வெளியே வரும். நேராக நிற்கும்போது தொடை, கணைக்கால் நீளங்களின் மொத்தம் சரியாக இருந்தால் போதும், பாதம் தரையில் நிற்கும். முழங்கால் மடிந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருக்கவேண்டும். தொடையை 3 சென்ரிமீற்றர் கூட்டியும் கணைக்காலை அதே அளவு குறைத்தும் போட்டிருந்தால் பாதங்கள் வெளிப்பக்கம் வழுக்குவதைப் பார்ப்பீர்கள். மென்பொருள் தானாக அளக்க விடாமல், இடுப்பு மூட்டிலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து கணுக்காலுக்கும் அளவு நாடாவால் அளந்து கையாலே போடுங்கள்.

சதங்கை கட்டும் இடமும் கணுக்கால் ட்ராக்கர் கட்டும் இடமும் ஒன்றே. ட்ராக்கரைச் சதங்கைக்கு மேலே, கணைக்காலின் எலும்பு முகப்பில் கட்டுங்கள். சதங்கைப் பட்டியின் மீது கட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் ட்ராக்கர் தனியாக ஆடி, அந்த அதிர்ச்சியே முடுக்கமானிக்குள் போய்ச் சாய்வைக் கெடுக்கும். முதல் பதிவுகளைச் சதங்கை இல்லாமலே எடுப்பது நல்லது.

சுழற்சிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜைரோஸ்கோப் அரை வீதம் பிழைத்தால் ஒரு முழுச் சுற்றுக்கு 1.8 பாகை. ஒரே பக்கமாகப் பத்துத் தடவை சுழன்றால் 18 பாகை. இரு பக்கமும் மாறி மாறிச் சுழன்றால் பெரும்பகுதி தானே கழிந்துவிடும். ஆகவே ஒரு பக்கச் சுழற்சி அதிகமுள்ள தீர்மானங்களை (ஜதியை முடிக்கும் அடவுக் கோர்வைகளை) முழு உருப்படியோடு சேர்த்து எடுக்காமல், ரீசெட் செய்து தனித்துண்டாக எடுங்கள்.

ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஆடுபவர் கைகளை நீட்டி இரண்டு விநாடி அசையாமல் நின்று, வலக்காலால் ஒரு தட்டுத் தட்டட்டும். ஃபோன் வீடியோவில் அந்தத் தட்டு தெரியும், நட்டுவாங்க ஒலிப்பதிவில் கேட்கும், பிவிஎச் கோப்பில் கணுக்காலின் வளைவரையில் கூர்முனையாக நிற்கும். பிளெண்டரில் மூன்றையும் அந்த ஒரு ஃபிரேமில் சேர்த்துவிடலாம்.